வாயை மட்டும் அசைக்க மறுத்த ஜசிந்தா

ஜசிந்தா எங்கள் சின்னம்மா. எசன் என்ற ஜேர்மன் நகரில் ஒரு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் பத்தொன்பது வருடமாக வேலை. இரையும் இயந்திரங்களுக்கு மேலாகக் கத்திக் கத்தியே அவருடைய குரல் அப்படி ஆகிவிட்டது. ‘உப்பை எடு’ என்று மெதுவாகச் சொன்னாலும் பக்கத்து வீட்டில் யாரோ எடுத்துவிடுவார்கள்.

போன நத்தார்ப் பண்டிகைக்கு முன், தேவாலயத்தில் தமிழ்ப் பாடகர் குழுவை நடத்தும் ஜேசுரட்ணம் மாஸ்ரர் சொன்னார்:

“ஜசிந்தா, பூசையில நீங்கள் வாயை மட்டும் அசையுங்கோ. சத்தம் வேண்டாம்.”

“அப்ப ஆண்டவரும் காதை மட்டும் அசைப்பாரோ?”

பாட்டுக் கொப்பியை மேசையில் போட்டுவிட்டு வந்தவர், மூன்று நாள் வீட்டில் ஒரு வரிகூட முணுமுணுக்கவில்லை. எனக்கு அந்த அமைதி பிடிக்கவேயில்லை.

பிறகு கூட வேலைசெய்யும் உல்ரிக்க என்ற பெண் அவரை ஒரு பாட்டுக்கூட்டத்துக்கு இழுத்துப்போனார். அமெரிக்கக் கிராமத்துக் கிறிஸ்தவக் கோயில்களில் வளர்ந்த பாட்டுமுறை அது. ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு வடிவம்: முக்கோணம், வட்டம், சதுரம், வைரம். சங்கீதம் படிக்காதவரும் வடிவத்தைப் பார்த்துப் பாடலாம். முக்கோணத்தால் ஒரு பயன் உண்டு என்பது, கணக்கில் கடைசியாக வரும் எனக்குப் புதினம். நாலு வகைக் குரலுக்கும் நாலு பக்கம், நடுவைப் பார்த்து உட்காரக் கதிரைகள். நடுவில் ஒருவர் மாறி ஒருவர் நின்று கையசைப்பார். எல்லாரும் தொண்டை கிழியப் பாடுவார்கள்.

“என்னைப் பாத்து ‘இன்னும் சத்தமா’ எண்டினம், மெலனி!” என்றார் சின்னம்மா என்னிடம். கண் கலங்கியிருந்தது. வெங்காயமாம். கையில் இருந்தது வாழைப்பழம்.

பங்குனியில் நடுவில் நிற்க அவருடைய முறை வந்தது. மாஸ்ரருக்கு நான் ஒரு செய்தி தட்டிவிட்டேன்: ‘இசை நிகழ்ச்சி. நீங்கள்தான் பிரதம விருந்தினர்.’

கோட்டுப் போட்டு வந்தவர் முன்வரிசையைத் தேடினார். அங்கே பார்வையாளருக்குக் கதிரையே கிடையாது. வந்தவர் எல்லாரும் பாடவேண்டும். உல்ரிக்க அவரை ஆண்குரல் பக்கம் இருத்தி, கையில் புத்தகத்தைத் திணித்தார்.

நடுவில் நின்ற சின்னம்மா அவரைக் கண்டதும் கையைத் தாழ்த்தினார். நடுவை விட்டுப் போய்விடுவாரோ?

பாடவேண்டிய பாட்டின் பக்க எண்ணைச் சொன்னார், சலவைக்கூடக் குரலில்.

வழக்கப்படி முதலில் சுரப்பெயர்களைப் பாடினார்கள். மாஸ்ரரின் வாய் மட்டும் அசைந்தது. சின்னம்மா கையை நிறுத்த, முழுக்கூட்டமும் நின்றது.

“மாஸ்ரர், இங்க வாயை மட்டும் அசைக்க ஏலாது. சத்தம் வேணும்.”

மாஸ்ரர் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார். பாடினார். நல்ல குரல்தான், பொய் சொல்லக்கூடாது.

கூட்டம் முடிந்து வாசலில் வைத்து, “உயிர்ப்பு ஞாயிறுக்குக் குழுவில பாட வாங்கோ, ஜசிந்தா. கொஞ்சம் மெதுவா…” என்று இழுத்தார்.

“வாறன். மெதுவா ஏலாது.”

உயிர்ப்பு ஞாயிறுப் பூசையில், முன்வாங்கில் உட்கார்ந்திருந்த ஒரு குழந்தை காதைப் பொத்தியது. சின்னம்மா அதற்குக் கண் சிமிட்டிவிட்டு அடுத்த வரியை எடுத்தார்.