பாகலூர் கடைக்காரர் சொன்ன வார்த்தை

ஒசூரில் கம்பெனி பஸ் ஏறினால் தெலுங்கில் தள்ளி உட்காரச் சொல்வார்கள், கன்னடத்தில் ஜன்னலை மூடச் சொல்வார்கள், தமிழில் திட்டுவார்கள். வந்து நாலு வருஷமாகியும் மூன்றுக்கும் நான் ஒரே மாதிரிதான் தலையாட்டுகிறேன். கமுதிப் பக்கத்துக்காரன் நான். எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள். ஐடிஐ முடித்து, இங்கே தகடு அடிக்கும் பிரஸ் மெஷினில் நிற்கிறேன்.

ஊருக்கு எழுதிய கடிதங்களில் நெடுநாள் மறைத்த விஷயம் ஒன்று உண்டு. நான் ராப் பாடுகிறவன். பாடுகிறவன் என்பதைவிட, மெஷின் விழுகிற அடிக்கு ஈடுகொடுத்து எதுகையோடு வேகமாகப் பேசுகிறவன் என்பதுதான் சரி. ஷிப்ட், வாடகை அறை, கேண்டீன் சாம்பார் எல்லாம் அதில் வரும். அறைத்தோழன் முனிராஜ், கெலமங்கலத்துக்காரன், டிபன் பாக்ஸில் தாளம் போடுவான். டேப் ரெக்கார்டரில் பதிந்து, நாங்களே நகலெடுத்து முதல் கேசட்டை வெளியிட்டோம். ஒசூர்க் கடைகளில் ஒருவரும் வாங்கி வைக்கவில்லை. இரண்டாவதையாவது ஒரு கடைத் தட்டில் ஏற்றாமல் விடுவதில்லை என்று இருந்தேன்.

பாகலூரில் கேசட் கடை வைத்திருக்கும் சீனப்பா கன்னடக்காரர்; தமிழும் கலந்து பேசுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது கேசட்டோடு நான் மட்டும் போனேன். ஒரு பக்கம் முழுக்க நின்றுகொண்டே கேட்டார். பிறகு, "இது ஹாடு இல்லப்பா. மாத்து" என்றார். ஹாடு என்றால் பாட்டு, அது எனக்குத் தெரியும். பாட்டே இல்லை, மாற்று என்கிறார்.

"முழுசுமாண்ணே?"

"முழுசும் மாத்துதான்."

கடைக்காரர் மாற்றச் சொல்கிறார் என்று முனிராஜிடம் சொன்னேன். பஜனைக் கோயில் ஆர்மோனியத்தைக் கெஞ்சி வாங்கி, ஒரு மாத வார விடுமுறைகளைத் தின்று, பேச்சையெல்லாம் ராகத்துக்கு இழுத்தோம். அதே கேசட்டில் பழையதன் மேலேயே பதிந்தோம். இந்தமுறை இருவருமாகப் போனோம்.

சீனப்பா இரண்டு நிமிஷத்தில் நிறுத்திவிட்டார். "மொதல்ல கொண்டாந்தியே, அது எங்க?"

"நீங்கதானண்ணே மாத்தச் சொன்னீங்க?"

"நான் எப்பப்பா சொன்னேன்?"

அன்று அவர் சொன்னதை அப்படியே சொல்லிக் காட்டினேன். முனிராஜ் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். "டேய், மாத்துன்னா கன்னடத்துல பேச்சுடா. பாட்டு இல்ல, பேச்சுன்னு சொல்லியிருக்காரு. ஒரு மாசமா என் விரலை ஒடிச்சியேடா பாவி."

பாடுகிறவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள், அந்தப் பேச்சுக்குத்தான் இடம் வைத்திருந்தேன் என்றார் சீனப்பா.

வரிகள் நோட்டில் இருந்தன. பேசிய வேகம் நோட்டில் இல்லை. மறுபடி முதலிலிருந்து பேசினேன். சரியாக வராததை அழித்தேன், திரும்பப் பேசினேன். இந்தமுறை பஸ்ஸில் காதில் விழுந்ததெல்லாம் தானாக உள்ளே வந்தது. கன்னடத்தில் வேண்டும் என்கிற பேக்கு, போதும் என்கிற சாக்கு, இரண்டும் எதுகையாகவே வந்து விழுந்தன. தடுக்கவில்லை.

இப்போது பாகலூர்க் கடையில் என் கேசட் தமிழ் வரிசையில் இருக்கிறது. சில நகல்களைக் கமுதிக்கும் அனுப்பிவைத்தேன். தம்பி எழுதியிருந்தான்: அங்குள்ள கடைக்காரர் போட்டுக் கேட்டுவிட்டு, அதைப் பிறமொழி வரிசையில் அடுக்கியிருக்கிறாராம். தமிழ்ப் பக்கம் எடுத்து வைக்கச் சொல்லட்டுமா என்று கேட்டிருந்தான்.

மூன்றாவது கேசட்டுக்கு எழுதிக்கொண்டிருந்த தாளின் ஓரத்தைக் கிழித்து அதிலேயே பதில் போட்டேன்: வேண்டாம், அங்கேயே இருக்கட்டும், அடுத்ததையும் அதன் பக்கத்திலேயே வைக்கச் சொல்.