மலையைப் பார்த்த எஞ்சின்

அன்று வீட்டில் இருந்தவர்கள் அம்மா, பெரியம்மா, தம்பி, நான். அப்பாவும் இருந்தார் என்று தம்பி சாதிப்பான். இல்லை. அவருக்குத் தேயிலை பேக்டரியில் ஷிப்ட்.

மறுநாள் அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிறாள். எங்களைப் பார்த்துக்கொள்ள அவளுடைய அக்கா, எங்கள் பெரியம்மா, பந்தலூரிலிருந்து வந்திருந்தாள். குன்னூரில் அம்மா வேலை செய்த பங்களாவில், அந்த வீட்டுப் பேரன் சலித்துப்போய்ப் போட்டுவிட்ட ஒரு டப்பாவைக் கொடுத்திருந்தார்கள். உள்ளே நம் மலை ரயிலின் பழைய நீராவி எஞ்சினும் ஒரு பெட்டியும், மெல்லிய மரத்துண்டுகளாக. ஒட்டிச் சேர்த்தால் அச்சு அசலாக வருமாம். போவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அம்மா காலையிலேயே உட்கார்ந்துவிட்டாள். துணிகூட அடுக்கவில்லை.

எனக்குக் கவலையெல்லாம் எஞ்சினின் வயிற்றுக்கடியில் வரும் பல்சக்கரத்தின் மேல். நிஜ ரயில் தண்டவாளத்தின் நடுவில் இருக்கும் பற்களைக் கவ்விக்கொண்டுதான் மலை இறங்கும். அம்மா மேட்டுப்பாளையம் வரை போகப்போவதும் அதில்தான். இங்கே கோணலாக ஒட்டினால் நாளைக்கு அங்கே வழுக்கிவிடும் என்று எப்படியோ மனதில் விழுந்துவிட்டது. பசை காயும்வரை பிடித்தபடியே இருந்தேன். சக்கரம் என் விரலோடு ஒட்டிக்கொண்டது.

கடைசியில் பெட்டியோடு எஞ்சினைச் சேர்க்கும்போதுதான் சண்டை. டப்பாவின் மேலிருந்த படத்தில், சமதரையில், எஞ்சின் முன்னால் நின்று இழுத்தது.

“படத்துல இருக்கறாப்பல ஒட்டு புள்ள. கோயமுத்தூர்ல நான் பாக்காத ரயிலா?” என்றாள் பெரியம்மா.

“அது அந்த ஊரு ரயிலு. இது ஏறும்போது பின்னால நின்னு தள்ளும். எறங்கும்போதும் திரும்பாதுக்கா. மூஞ்சி மலையப் பாத்தாப்பலயே பின்னால பின்னால எறங்கும்.”

“புகுந்த ஊட்டுக்குப் போற புள்ளயாட்டமா? பத்து ரூவா பந்தயம்டி.”

அம்மா புகைபோக்கி இருக்கும் எஞ்சின் மூஞ்சியைப் பெட்டியின் பக்கம் திருப்பி ஒட்டிவிட்டாள்.

மறுநாள் ஸ்டேஷனில் எஞ்சின் அப்படியேதான் நின்றது. பெரியம்மா பர்ஸைத் திறந்து பத்து ரூபாயை நீட்டினாள். “தோத்துட்டேன், புடி.”

“நீயே வச்சிரு அக்கா. வந்து வாங்கிக்கறேன்.”

வழியில் ஒரு டீக்காவது ஆகுமே, இதை வாங்காமல் போகிறாளே என்று எனக்குப் பதைப்பு. ரயில் நகர்ந்தது. கீழ் வளைவில் எஞ்சின் தெரிந்தது. எங்களைப் பார்த்தபடியே இறங்கியது. ஜன்னலோரம் இருந்த அம்மா ஒருமுறைகூடத் திரும்பவில்லை. எஞ்சினுக்கு இருக்கிற பாசம்கூட இவளுக்கு இல்லையே என்று வீடு வரும்வரை கோபம்.

பெரியம்மாவுக்கு முட்டிவலி வந்ததும், எட்டாவதோடு பள்ளியை விட்டுவிட்டு நான் சமையலை எடுத்துக்கொண்டேன். போன வருடம் தம்பியைக் கல்லூரி விடுதியில் விட்டுவிட்டு வெளிக்கதவு வரை திரும்பாமல் நடந்தபோதுதான், அம்மா எதற்காக அப்படி உட்கார்ந்திருந்தாள் என்று தெரிந்தது. திரும்பியிருந்தால் இறங்கியிருப்பாள்.

எஞ்சின் டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. பல்சக்கரம் கோணல்தான்; துடைக்கும்போதெல்லாம் அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். அம்மா ஒவ்வொரு வருடமும் போனில் அடுத்த சித்திரைக்கு வருகிறேன் என்கிறாள். அந்தப் பந்தய நோட்டைப் பெரியம்மா இன்னும் செலவு செய்யவில்லை. அனுப்பிவிடட்டுமா என்று கேட்டால் அம்மா பதறிப்போய் வேண்டாம் என்கிறாள்.

அம்மாவுக்கு நாங்கள் தரவேண்டிய பாக்கி பத்து ரூபாய்.