நீல விளக்கின் முன் புவனேஸ்வரி அக்கா

பசறையில் பஸ்ஸுக்கு நின்றபோது கைத்தொலைபேசி அடித்தது. பதுளையில் புவனேஸ்வரி அக்காவுக்கு அறை வாடகைக்குக் கொடுத்திருந்த முஸ்லிம் கடைக்காரர் பேசினார். "மிஸ் ராத்திரி தூக்கத்துலயே போய்ட்டாங்க. காலையில கதவத் தட்டிப் பாத்தோம், சத்தமில்ல. யாருக்குச் சொல்றதுன்னு தெரியல. உங்க நம்பர் மட்டுந்தான் இருக்கு."

எங்கள் பதுளைச் சளிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்த உங்கள் எல்லோருக்கும் அக்காவைத் தெரியும். அவர் வீட்டைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது. யாழ்ப்பாணத்திலிருந்து தனியாக வந்தவர். மதியச் சோற்றையும் தனியாகவே சாப்பிடுவார்.

தொண்ணூறுகளில் ஒரு மழைக்காலம். காசநோய்க் கிருமியை ஒளிரவைத்துக் காட்டும் நுணுக்குக்காட்டியின் வடிகட்டிகளில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. புதியவை தனித்தனிக் கண்ணாடிகளாக வந்தன. தீப்பெட்டி அளவுக் கூட்டுக்குள் மூன்றையும் பொருத்த வேண்டும். ஒன்று விளக்கின் நீல ஒளியை மட்டும் உள்ளே விடும். நடுவில் சாய்ந்து நிற்பது அதைச் சளி மாதிரியின் மேல் திருப்பும். மூன்றாவது, கிருமியிலிருந்து வரும் மஞ்சட்பச்சை ஒளியை மட்டும் கண்ணுக்கு அனுப்பும்.

அக்கா மூச்சை அடக்கிப் பொருத்தினார். நான் திருகாணிகளை எடுத்துக் கொடுத்தேன். விளக்கைப் போட்டால் எல்லாம் வெளிறித் தெரிந்தது.

"நடுக்கண்ணாடி மாறிப்போச்சு. பூச்சுப் பக்கம் விளக்கைப் பாக்க வேணும். திரும்பக் கழட்டுவம்."

அடுத்த முறை விளக்கைப் போட்டபோது பின்னணி நல்ல இருட்டு. நமுனுகுல தேயிலைத் தோட்டத்து ராக்கம்மாவின் மாதிரியை வைத்தார். மாதக்கணக்காக இருமியவர், சாதாரண நுணுக்குக்காட்டியில் ஒன்றும் அகப்படாமல் வீட்டுக்குப் போனவர். இப்போது இருட்டுக்குள் சில கீற்றுகள் மின்னின.

"இஞ்ச வந்து பாரும் செல்வி. இருக்குது."

ஆள் அனுப்பக் காத்திராமல் அன்றே நாங்களே பஸ் ஏறினோம். ராக்கம்மா தன் லயத்து வீட்டு வாசலில் கைக்குழந்தையோடு இருந்தார்.

"ஒண்ணுமில்லன்னு சொன்னீங்களே மிஸ்?"

"அப்ப தெரியேல்லை, பிள்ளை. இப்ப தெரியுது. மருந்து எடுத்தால் சுகமாகும். குழந்தையையும் காட்ட வேணும்."

மறுநாளே ஆஸ்பத்திரிக்கு வந்தார். குழந்தைக்குத் தொற்றவில்லை. அவரும் மருந்தெடுத்துத் தேறி மறுபடி கொழுந்தெடுக்கப் போனார்.

ராக்கம்மாவைப் பார்த்துவிட்டு அன்று திரும்பும் பஸ்ஸில், ஜன்னலைப் பார்த்தபடி அக்கா சொன்னார்: "அம்மா செத்துப்போனா. காலமைதான் கொழும்பிலயிருந்து சொந்தக்காரர் சொன்னவை. எரிச்சு ஒரு கிழமையாச்சாம். சண்டையால யாழ்ப்பாணப் பாதை பூட்டிக் கிடக்குது. நான் எப்பிடிப் போறது?"

அந்தச் செய்தியோடுதான் அன்று முழுவதும் திருகாணி முடுக்கியிருக்கிறார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பதுளை வரும்வரை விடவில்லை. "ஒருத்தருக்கும் சொல்லாதையும்," என்றார். சொல்லவில்லை.

அவருடைய படம்கூட என்னிடம் இல்லை. என் கைக்குள் இருந்த அந்தக் குளிர்ந்த கைதான் இருக்கிறது. நாம் யாரும் போய்த் துக்கம் கேட்காத அக்காவின் அம்மாவுக்காகவும் சேர்த்து, இன்று உங்களிடம் சொல்லிவிட்டேன்.