காரணம்: அம்மாவின் மறதி

எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குத் தண்ணீர்க் குழாய் வந்தபோது நான் எட்டாம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்தேன். லுணுகலைக்கு மேலே இருந்தது எங்கள் தேயிலைத் தோட்டம். அதுவரை எல்லோரும் பள்ளத்தில் இருந்த ஊற்றுக்குத்தான் குடத்தோடு இறங்கி ஏறினார்கள். லயத்து ஆட்களே சிரமதானமாக மண் வெட்டி, பைப் புதைத்து, மேட்டில் ஒரு தொட்டியும் கட்டினார்கள். வேலைக்கு வராத வீட்டுக்குத் தண்ணீர் முறை கிடையாது என்று தோட்டச் சங்கத் தலைவர் சொல்லிவிட்டார்.

வராதது ஒரே வீடு. அது எங்கள் அத்தை வீடு. மாமா அந்த நாட்களில் வெலிமடைக்கு உருளைக்கிழங்குத் தோட்ட வேலைக்குப் போயிருந்தார். தங்கை புருஷன் தன்னைத் தலைகுனிய வைத்துவிட்டார் என்று அப்பா அவர்களோடு பேசுவதை நிறுத்தினார். லயத்தின் கடைசி வீடு அத்தையுடையது, அதற்கு முந்தியது எங்களுடையது. இரண்டு கொல்லைக்கும் நடுவே அம்மா விறகை உயரமாக அடுக்கியிருந்தார். அந்தப் பக்கம் போகக்கூடாது என்பது அப்பாவின் கட்டளை.

காலையில் ஒவ்வொரு வீடாகப் பொதுக் குழாயில் ஹோஸை மாட்டித் தங்கள் பீப்பாயை நிரப்பிக்கொள்ளும். கடைசி முறை எங்களுடையது. பெரட்டில் வேலைக்குப் பேர் பதிய ஆள் கூப்பிடும் நேரத்தில் வருவதால் யாருக்கும் வேண்டாத முறை. அம்மாவே கேட்டு வாங்கினார். ஹோஸைப் பீப்பாய்க்குள் போட்டுவிட்டுக் கொழுந்து கிள்ள ஓடுவார். அப்பா அதற்கு முன்பே பெக்டரிக்குப் போயிருப்பார். பள்ளிக்கூடம் மூன்று மைல்கட்டை தூரம் என்பதால் நானும் பின்னாலேயே கிளம்பிவிடுவேன். பீப்பாய் நிறைந்து, தொட்டி காலியாகும்வரை தண்ணீர் வழியும். சுவர் ஊறக்கூடாது என்று அம்மா பீப்பாய்க்குக் கீழே ஒரு கூரைத் தகரத்தைச் சரித்து வைத்திருந்தார்.

சாயந்தர முறைக்குத் தண்ணீர் இல்லாமல் போனதும் தலைவர் வந்தார்.

"இந்த மாசம் முடியிற வரைக்கும் பாப்பேன்க்கா. அதுக்கப்புறம் வழிஞ்சா ஒங்க முறைய வெட்டிருவேன்."

"மறந்துட்டேங்க தலைவரே."

"தெனமுமா மறக்கும்?"

"வயசாவுதுல்ல."

அம்மாவுக்கு அப்போது முப்பத்தைந்துகூட ஆகவில்லை.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. முறை போனால் அம்மா பழையபடி மலை வேலையும் முடித்துப் பள்ளத்துக்குக் குடத்தோடு இறங்க வேண்டும். அந்த வாரம்தான் விஞ்ஞான சார், வீட்டில் வீணாகும் ஒரு பொருளைக் கண்டுபிடித்து அளந்து, காரணம் எழுதி, படம் வரைந்து, ஒரு வழி செய்து பார்க்கச் சொன்னார். சரிவராவிட்டால் திருத்தி மறுபடி செய்ய வேண்டும். வகுப்பில் வாய் திறக்காத எனக்குக் கையால் செய்கிற வேலை என்றதும் சந்தோஷம்.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. வழிந்த தண்ணீரை வாளியில் பிடித்து, எண்ணி, மறுபடி தகரத்திலேயே ஊற்றினேன். பதினொரு வாளி. கொப்பியில் எழுதினேன்.

பிறகு ஒரு எண்ணெய்ப் போத்தலைக் குச்சியில் கட்டி மிதவை செய்தேன். தண்ணீர் ஏறினால் போத்தல் எழும்பும், குச்சி ஹோஸை மடக்கும், தண்ணீர் நிற்கும். அம்மா போனதும் பொருத்திவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். திரும்பி வந்தபோது போத்தல் மூடி வழியாகத் தண்ணீர் குடித்து அடியில் கிடந்தது. அடுத்த முறை மூடியை மெழுகால் அடைத்தேன். ஹோஸ் விறைப்பாக இருந்ததால் குச்சியைத் தள்ளிவிட்டது. மூன்றாம் முறை ஹோஸின் வாயில் பழைய சைக்கிள் டியூப் ஒரு சாண் வெட்டிக் கட்டினேன். அது துணிபோல மடியும்.

அன்று வந்து பார்த்தபோது பீப்பாயில் விளிம்புக்கு இரண்டு விரல் கீழே தண்ணீர் நின்றது. தகரம் காய்ந்து கிடந்தது. தகரத்தை நாலு தடவை தொட்டுப் பார்த்தேன். ஈரமே இல்லை.

சாயந்தரம் தலைவரே தேடி வந்தார்.

"தொட்டி நெறஞ்சு கெடக்கு. என்னாண்ணே செஞ்சீங்க?"

"நா இல்ல. மகதான்," என்றார் அப்பா. அந்தக் குரலில் அவர் என்னைப் பற்றிப் பேசி அதுவரை நான் கேட்டதில்லை. அம்மா மட்டும் அடுப்பைப் பார்த்தபடி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அத்தை வந்தார். இடுப்பில் கைக்குழந்தை, கையில் காலி வாளி. ஆறு மாதமாக எங்கள் வாசலை மிதிக்காதவர்.

"அண்ணி, இன்னைக்கி தகரத்துல ஒரு சொட்டும் வரலயே. ஒங்களுக்கு ஒடம்பு முடியலயோன்னு..."

உள்ளே அப்பாவையும் தலைவரையும் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

தலைவர் எழுந்து கொல்லைக்குப் போனார். குனிந்து தகரத்தைப் பார்த்தார். அது விறகு அடுக்குக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் போயிருந்தது.

"இவ்ளோ நாளும் மறதிதானாக்கா?"

"ஆமாங்க தலைவரே. மறதிதான்."

அப்பா கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் போய் விறகு அடுக்கைக் கலைக்கத் தொடங்கினார். அத்தையைப் பார்க்காமலே என்னிடம் சொன்னார், "அந்த வாளிய வாங்கி நெறச்சிக் குடு."

தலைவர் செருப்பை மாட்டிக்கொண்டார். "வேலைக்கு வராதவுங்களுக்கு முறை இல்ல. அது மாறாது. ஆனா ஒங்க முறையில ஒங்க ஹோஸு எங்குட்டு நீளுதுன்னு நா வந்து அளக்க மாட்டேன்."

அடுத்த வாரம் நான் இரண்டாவது மிதவை செய்தேன். எங்கள் பீப்பாய் நிறைந்ததும் ஹோஸ் அத்தை பீப்பாய்க்கு மாறும். அதுவும் நிறைந்தால் தானாக நிற்கும். மாதம் முடிவதற்குள் லயம் முழுக்க மிதவை கட்டிக் கொடுத்தேன். தலைவர் என்னை இஞ்சினியரம்மா என்றுதான் கூப்பிட்டார். வெட்கத்தில் ஓடி ஒளிந்தாலும் அந்தப் பெயர் இன்றைக்கும் காதில் இனிக்கிறது.

சாரிடம் கொடுக்குமுன் கொப்பியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வீணாகும் பொருள்: தண்ணீர். அளவு: பதினொரு வாளி. காரணம்: அம்மாவின் மறதி.

அம்மா சிரித்தார்.

"மாத்தணுமாம்மா?"

"வேணாம். அப்பிடியே இருக்கட்டும்."

கஞ்சிக்கு உப்புப் போட ஒருநாளும் மறக்காதவர், ஹோஸை மட்டும் எப்படித் தினமும் மறந்தார் என்று அதை எழுதும்போது நான் யோசிக்கவில்லை. பீப்பாய், ஹோஸ், போத்தல், குச்சி, டியூப் எல்லாவற்றையும் அளவு பிசகாமல் வரைந்திருந்தேன். அந்தத் தகரத்தை மட்டும் படத்தில் சேர்க்கவில்லை. தேவையில்லாத பொருள் என்று நினைத்தேன்.