ஹாரன் கேட்டால் படுக்கும் நாய்

கோர்ஃபக்கான் மலையில் ஏறிக்கொண்டிருக்கிறோம், நானும் ஜிம்மியும். கீழே கடல் வெயிலில் பளபளக்கிறது. அஜ்மானில் எங்கள் கட்டடத் தொழிலாளர் கேம்ப் கேட்டருகே பிறந்து, மெஸ்ஸில் மிஞ்சிய எலும்பைத் தின்று வளர்ந்த நாய் ஜிம்மி. பழைய சேஃப்டி ஜாக்கெட்டை வெட்டி அதற்கொரு சட்டை தைத்துப் போட்டிருக்கிறேன்.

உச்சிக்குக் கொஞ்ச தூரம்தான். துறைமுகத்தில் ஒரு கப்பல் நீளமாக ஹாரன் அடிக்கிறது. உடனே ஜிம்மி ஒரு பாறை நிழலில் போய்ப் படுத்துக்கொள்கிறது. கயிற்றை இழுக்கிறேன். அசையவில்லை.

“எந்திரிடா, மானத்த வாங்காத!” என்று நான் கத்துவதைக் கேட்டு, ஆடு மேய்க்கும் ஒருவர் சிரித்துக்கொண்டே வருகிறார். இலங்கையில் பதுளைக்காரராம். கீழே ஓர் அரபியின் தோட்டத்தில் வேலையாம்.

“நாய்க்கு ஏலாமப் போயிருச்சா தம்பி?”

எனக்குச் சுருக்கென்கிறது. “அதெல்லாம் இல்லண்ணே. சைட்ல ஹாரன் அடிச்சா மத்தியான ரெஸ்ட். தினமும் எங்ககூட வேலைக்கு வந்து நிழல்ல படுத்தே பழகிருச்சு. அடுத்த ஹாரனுக்குத்தான் எந்திரிக்கும்.”

அவர் நம்பவில்லை. “காலையில ஒரு வெள்ளைக்காரரு பெரிய சடை நாயோட வந்தாரு. அதுவும் இந்த இடத்துலதான் படுத்துச்சு. தூக்கிக்கிட்டு எறங்கிட்டாரு. இது என்ன ஜாதி?”

“சைட் நாய்ண்ணே.”

நானும் நிழலில் உட்கார்கிறேன். அவரும் போகாமல் நிற்கிறார். கப்பல் மறுபடி ஹாரன் அடிக்கிறது. ஜிம்மி எழுந்து உடம்பை உதறிவிட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு உச்சியை நோக்கி ஓடுகிறது.

“அட!” என்று பின்னால் அவர் குரல் கேட்கிறது.

டியூட்டிக்கு எங்கள் ஜிம்மி ஒரு நாளும் லேட்டானதில்லை.