பேச்சுக்கா, நெசமா?

எங்கள் அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தபந்தங்களும் நண்பர்களும் அட்டைப் படத்தைப் பார்த்து, எப்போதும் சிரித்த முகம் என்று சொல்லக்கூடும். அந்தப் படத்துக்கு மட்டும்தான் அக்கா சிரித்தார், அதுவும் படம் எடுத்தவர் கெஞ்சியதால். கடைசிச் சில ஆண்டுகளில் அவர் சிரித்ததை நான் அதிகம் பார்க்கவில்லை. அதற்கான காரணத்தை விட்டுவிட்டு நற்குணங்களை மட்டும் அடுக்கினால், மேலே இருந்தே என்னைத் திட்டுவார்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரக் குப்பம் ஒன்றில் வீட்டுக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தவர் அக்கா. அப்பா மழைக்காலத்தில் ஒருநாள் கட்டுமரத்தில் போனவர், திரும்பவில்லை. அம்மா மீன்கூடை சுமந்து எங்களை ஆளாக்கினார். படிப்பு வருகிறது என்று அக்காவைச் செங்கல்பட்டில் விடுதியுள்ள பள்ளியில் சேர்த்தார்கள். சேர்ந்த அன்றே தலைமையாசிரியையிடம், "நீ இன்னா சொல்றன்னு வெளங்கல டீச்சர்" என்று சொல்லி, கன்னத்தில் அறை வாங்கினார். எங்கள் குப்பத்தில் பெற்ற தாயையும், படகு முதலாளியையும், கும்பிடுகிற சாமியையும் நாங்கள் 'நீ' என்றுதான் சொல்லுவோம். மரியாதை குறைந்துவிட்டதாக ஒருவரும் கோபித்துக்கொண்டதில்லை. அந்த அறை ஏன் விழுந்தது என்று அக்காவுக்கு ரொம்ப நாள் புரியவில்லை. புரிந்த பிறகு அதை மறக்கவும் இல்லை.

படித்து ஆசிரியை ஆனார். ஊரப்பாக்கத்தில் வாழ்க்கைப்பட்டார். ரயில்வேயில் இருந்த மாமா சிறு வயதிலேயே நெஞ்சுவலியில் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. இன்னொரு கல்யாணம் என்று பேச வந்தவர்களுக்கெல்லாம் காபி கொடுத்து அனுப்பிவைத்தார். தம்பி என்று நான் ஒருவன், அணுபுரத்திலிருந்து வாரம் தவறாமல் போய் அவர் கையால் சாப்பிட்டுவிட்டு வருவேன்.

பணி ஓய்வுக்குப் பிறகு, வீடுகளில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளப் பெண்களைத் தயார் செய்யும் ஒரு பயிற்சி நிலையத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டார்கள். ஒடிசா, ஜார்க்கண்ட் பக்கத்துப் பெண்கள். தண்ணீர், மாத்திரை, வலி என்று வார்த்தைகளைக் கற்றுக்கொடுத்தால் போதும் என்றார்கள். அக்காவுக்கு அது போதவில்லை. "வார்த்தைதான் செல்போன்லயே கீதேடா. எந்த நேரத்துல, யாருகிட்ட, எப்பிடிச் சொல்றது? எதிர்ல கீறவங்க சொன்னா அதுக்கு இன்னா அர்த்தம்? அது எந்த போன்ல கீது?" என்று என்னிடம் கேட்டார்.

அவருடைய வகுப்பைக் கதவோரம் நின்று பார்த்திருக்கிறேன். பெஞ்சில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, சிடுமூஞ்சிக் கிழவியாகப் படுத்துக்கொள்வார். ஒரு பெண் கஞ்சி கொண்டுவந்து நீட்ட வேண்டும். அக்கா வேண்டாம் என்பார். அந்தப் பெண் நல்ல பிள்ளையாகக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். அக்கா எழுந்து உட்கார்ந்து, நான் பட்டினி கிடந்து செத்துவிட்டேன், அடுத்த ஆள் வா என்பார். நம் வீடுகளில் முதல் தடவை வேண்டாம் என்பது வேண்டாம் என்று ஆகாது, இன்னொரு முறை கேட்கிறாளா என்று பார்ப்பது. இது நமக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமல் வந்தது. அந்தப் பெண்களுக்கு யாராவது சொன்னால்தானே தெரியும்.

நன்றி சொல்வதையும் அப்படித்தான் திருத்தினார். தண்ணீர் வாங்கினால் நன்றி, தட்டை வாங்கினால் நன்றி என்று சொல்லிப் பழகியிருந்தார்கள். வீட்டுக்குள் அப்படிச் சொன்னால் ஒதுக்கிவைத்துப் பேசுகிற மாதிரி இருக்கும், வெளியாட்களுக்குத்தான் நன்றி, வீட்டு ஆட்களைப் பார்த்தால் சாப்பிட்டாயா என்று கேள், நன்றியும் அதிலேயே அடக்கம் என்றார். அவர் நடத்திய முதல் பாடமே அதுதான்.

ஒருமுறை அவரிடம் படித்த பெண் ஒருத்தி வேலைக்குப் போன முதல் நாளே, பார்த்துக்கொள்ள வேண்டிய பெரியவர் சாக வேண்டும் போல இருக்கிறது என்று சொன்னதைக் கேட்டு மிரண்டுபோய், அக்கம்பக்கத்து வீடுகளையெல்லாம் தட்டிக் கூட்டிவந்துவிட்டாள். மானம் போயிற்று என்று அந்த வீட்டுக்காரர்கள் அவளை அன்றே அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அக்கா ஒரு பாடம் சேர்த்தார். வயசானவர்கள் சீக்கிரம் போய்ச் சேரணும் என்பார்கள், அது பேச்சுக்குச் சொல்வது, பயப்படாதே. அப்படிச் சொல்லாதீங்கம்மா, நூறு வயசு இருப்பீங்க என்று சிரித்தபடி பதில் சொல். நம் வீடுகளில் எல்லோரும் சொல்கிற பதில்தான் அது. நானும் சொல்லியிருக்கிறேன், நீங்களும் சொல்லியிருப்பீர்கள்.

ரஷ்மிதா ஒடிசாவிலிருந்து வந்தவள். அக்காவின் மாணவிகளில் சூட்டிகையானவள். படூரில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் ஓர் அம்மாளைப் பார்த்துக்கொள்ளப் போனாள். அந்த அம்மாள் தினமும் போதும்டி, நான் கிளம்புறேன் என்பாராம். இவளும் தினமும் நூறு வயசு சொல்லியிருக்கிறாள். பயப்படாமல் சரியான பதில் சொல்கிறோம் என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை. ஒரு காலை அந்த அம்மாள் எழுந்திருக்கவில்லை. பிறகுதான், இதயத்துக்குக் கொடுத்த மாத்திரைகளை அவர் விழுங்காமல் பால்கனி துளசித்தொட்டியில் துப்பிப் புதைத்துவந்தது தெரிந்தது.

வீட்டில் எல்லோரும் ரஷ்மிதாவின் மேல் பாய்ந்தார்கள். தினமும் சொன்னதை ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டார்கள். டீச்சர் அது பேச்சுக்குச் சொல்றது என்று சொன்னார்கள் என்று அழுதிருக்கிறாள். போலீசுக்குப் போவோம் என்ற பேச்சும் வந்தது. நிலையத்தார் அக்காவைக் கூப்பிட்டு, நீங்கள் எதுவும் பேச வேண்டாம், அந்தப் பெண்ணை ஊருக்கு அனுப்பிவிட்டால் விஷயம் முடிந்துவிடும் என்றார்கள். அக்கா அங்கிருந்து நேரே என்னைக் கூட்டிக்கொண்டு படூருக்குப் போனார்.

இறந்தவரின் மகன் கதவைத் திறந்தார். உட்காரச் சொல்லவில்லை. அக்கா நின்றபடியே, "தப்பு அந்தப் பொண்ணு மேல இல்ல சார். நான்தான் அப்பிடிச் சொல்லிக் குடுத்தேன். கேக்குறதை என்னைக் கேளுங்க" என்றார். அவர் கதவுப்பிடியை விடாமல் நின்றார். சண்டைக்குத் தயாராக நின்ற நான் என்ன செய்வது என்று தெரியாமல் செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர், "எங்ககிட்டயும் தினம் சொன்னாங்க. நாங்களும் அதே பதில்தான் சொன்னோம்" என்றார். சாவு வீட்டில் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக்கூடாதாகையால், ஒன்றும் சொல்லாமல் இறங்கி வந்தோம். ரஷ்மிதா மேல் புகார் எதுவும் வரவில்லை.

வெளியே கடல்காற்று அடித்தும் அக்காவுக்கு வேர்த்திருந்தது. நான் சமாதானமாக என்னென்னவோ சொன்னேன். அவர் கேட்டுக்கொள்ளவில்லை. "அந்தம்மா நெசத்தைச் சொல்லிகினே இருந்திருக்குது. அது காதுல வுழாத மாதிரி ஒரு பதிலை நான் சொல்லிக் குடுத்திருக்கேன்டா" என்றார். அதன் பிறகு அவர் நிலையத்துக்குப் போகவில்லை. எனக்கு அந்த நிலையத்தின் மேல் இன்றைக்கும் ஆத்திரம் உண்டு. அக்காவுக்குத் தன் மேல்தான்.

ரஷ்மிதாவைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். ஊரப்பாக்கம் வீட்டுக் கூடத்திலேயே விருப்பமுள்ள பெண்களுக்கு வகுப்பு எடுத்தார். அந்த நூறு வயசுப் பாடத்தை அவர் நீக்கிவிடவில்லை, அதோடு ஒன்று சேர்த்தார். நூறு வயசு என்று சொன்ன பிறகு அப்படியே போய்விடாதே. பக்கத்தில் உட்கார். கையைப் பிடித்துக்கொள். மெதுவாகக் கேள்: பேச்சுக்கா, நெசமா? பதில் வரும்வரை எழுந்திருக்காதே. எந்தத் தமிழ் வீட்டிலும் யாரும் யாரையும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. இதெல்லாம் நம் வழக்கம் இல்லையே அக்கா என்றேன். வழக்கத்தைச் சொல்லிக்கொடுத்துத்தான் படூருக்குப் போய் நின்றேன் என்றார்.

பிறகு அக்காவின் வயிற்றில் புற்று என்று தெரிந்தது. செங்கல்பட்டுக்கும் ஊரப்பாக்கத்துக்குமாக அலைந்தோம். ஒவ்வொரு முறையும் மருந்து ஏற்றிக்கொண்டு பாதி ஆளாகத் திரும்பினார். வாந்தி, வாய்ப்புண், உதிர்ந்த முடி எல்லாவற்றையும் ரஷ்மிதா பார்த்துக்கொண்டாள். வகுப்பில் படித்த மரியாதைத் தமிழெல்லாம் போய், அதற்குள் எங்கள் குப்பத்துத் தமிழ் அவளுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னாம்மா, எங்க வலிக்குது என்று அவள் கேட்கும்போது, போன எங்கள் அம்மாவே வந்து கேட்பது போல இருக்கும்.

அடுத்த முறை மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டிய அன்று மதியம், அக்கா சுவரைப் பார்த்துப் படுத்தபடி, "போதும்டா தம்பி. நான் கிளம்புறேன்" என்றார். நான் பையில் துணியை அடுக்கிக்கொண்டே, "இன்னாக்கா பேச்சு இது, நூறு வயசு இருப்ப நீ" என்றேன். வாய் அதுவாகச் சொல்லிற்று.

அடுக்களையில் ஓடிக்கொண்டிருந்த மிக்சி நின்றது. ரஷ்மிதா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அக்காவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "அம்மா, பேச்சுக்கா, நெசமா?"

அக்கா திரும்பி அவளைப் பார்த்தார். உடனே பதில் வரவில்லை. அவள் எழுந்திருக்கவும் இல்லை. "நெசம்தாண்டி" என்றார் அக்கா. ஆஸ்பத்திரி இனி வேண்டாம், வலிக்கு மட்டும் மருந்து கொடுங்கள், வேறெங்கும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அவளை வாசலுக்கு இழுத்துப்போய், எதற்குக் கேட்டாய், கேட்காமல் இருந்திருந்தால் இப்போது வண்டியில் போய்க்கொண்டிருப்போமே என்று கத்தினேன். அவள் அழுதாள், ஆனால் பின்வாங்கவில்லை. "கேக்கலன்னா, அந்தப் படூர் அம்மா மாதிரி இவங்களும் தனியாப் போவாங்க அண்ணா" என்றாள். அன்று மாலை மருத்துவரிடம் போனில் பேசினேன். இனி அவர் விருப்பப்படி விடுங்கள் என்றார். பையில் வைத்த துணியை நானே எடுத்து மடித்து வைத்தேன். அக்கா அந்த மாதத்திலேயே, அதே கட்டிலில், ஒரு கை என்னிடமும் இன்னொன்று ரஷ்மிதாவிடமும் இருக்க, போய்ச் சேர்ந்தார். வலி இல்லாமல் போனார் என்று எழுத ஆசைதான். வலி இருந்தது.

சிகிச்சை அளித்த செங்கல்பட்டு மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், வேளாவேளைக்குச் சோறு அனுப்பிய ஊரப்பாக்கத்து அண்டைவீட்டாருக்கும், செய்தி கேட்டதும் அன்றைக்குக் கடலுக்குப் போகாமல் வந்து அக்காவைத் தோளில் சுமந்த குப்பத்து உறவுகளுக்கும், ஈமக் காரியங்களில் உடன் நின்ற அணுபுரம் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நெஞ்சார்ந்த நன்றி.

ரஷ்மிதாவின் பெயர் இதில் விட்டுப்போனதாக யாரும் நினைக்க வேண்டாம். ஊரப்பாக்கம் வீட்டில் இப்போது வகுப்பை அவள்தான் நடத்துகிறாள். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கவும் தெரியும் என்பதால் இந்த மலரையும் கடைசி வரி வரைக்கும் படித்துவிடுவாள். அதனால் அவளிடம் ஒன்று மட்டும் கேட்டு முடிக்கிறேன்.

சாப்டியாம்மா?