போல்ட்டக்கா வீட்டு நடையில் நின்ற வண்டி

அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மூன்றாம் மாடிக்கு ஐம்பத்து நான்கு படிகள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, காய்கறிப் பையையும் பிடித்துக்கொண்டு, நாலு சக்கரமுள்ள குழந்தை வண்டியையும் தூக்கிக்கொண்டு அத்தனை படியும் ஏற ஒரு மனுஷிக்கு மூன்று கை வேண்டும். மூன்றாம் மாடிக்காரிக்கு எல்லோரையும் போல இரண்டுதான் இருந்தன.

வண்டியை எங்கே வைப்பது என்று அவளும் அவள் புருஷனும் பார்க்காத இடமில்லை. முதலில் படிக்கட்டுக்கு அடியில் வைத்தார்கள். மீட்டர் கணக்கெடுக்க வந்தவர் தடுக்கி விழப் பார்த்தார். மறுநாளே வீட்டுக்காரர், 'இங்கு எந்தப் பொருளும் வைக்கக் கூடாது' என்று எழுதி ஒட்டிவிட்டார். வெளியே கேட் கம்பியோடு சங்கிலி போட்டுக் கட்டினார்கள். மழையில் நனைந்தது போதாதென்று, தெருப்பூனை ஒன்று அதில் குடியேறி மூன்று குட்டியும் போட்டது. அந்தக் குடும்பத்தைக் காலி செய்யவைப்பதற்குள் புருஷனுக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. அவர் பஸ் ஓட்டுகிறவர். விடியுமுன் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். அவர் இருந்தால் வண்டியை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு ஏறிவிடுவார். பிள்ளையை வெளியே கூட்டிப்போகும் நேரத்தில் அவர் இருந்தால்தானே!

"எங்க வீட்டு நடையில நிக்கட்டுமே. அது என்ன சோறா கேக்கப்போகுது?" என்றாள் போல்ட்டக்கா.

போல்ட்டக்கா தரைத்தளத்தில் தனியாக இருப்பவள். வயது நாற்பத்தாறு. ஆஸ்பத்திரி ஒர்க்‌ஷாப்பில் சக்கர நாற்காலி, ஸ்ட்ரெச்சர் எல்லாம் பழுது பார்ப்பது வேலை. சட்டைப் பையில் எந்நேரமும் நாலு போல்ட் கிடந்து கிலுகிலுக்கும். பெயர் அப்படி வந்து ஒட்டிக்கொண்டது. இருபது வருஷத்தில் 'சரியாகாது' என்று சொல்லி அவள் ஒரு நாற்காலியைத் திருப்பி அனுப்பியதில்லை. கல்யாணம் ஆகி எட்டு வருஷத்தில் இரண்டு முறை பிள்ளை உண்டானது, இரண்டும் தங்கவில்லை. பிறகு புருஷனும் தங்கவில்லை. இதை அவளே சிரித்துக்கொண்டு சொல்லிவிடுவாள். அடுத்தவர் 'ஐயோ பாவம்' என்று ஆரம்பிப்பதற்குள் முந்திக்கொள்ள வேண்டுமே!

வண்டி வந்து நின்ற முதல் வாரத்திலேயே ஒரு வழக்கம் தானாக ஏற்பட்டது. மூன்றாம் மாடிக்காரி நாலு மணிக்கு வந்து கதவைத் தட்டுவாள். வண்டியை எடுத்துக்கொண்டு போவாள். ஐந்தரைக்குத் திரும்பி வந்து மறுபடி தட்டுவாள். "அக்கா, பாப்பாவைக் கொஞ்சம் பாத்துக்குங்க, பையை மேல வச்சிட்டு ஓடி வந்துடறேன்" என்று முதலில் பைகளைக் கொண்டுபோவாள். பிறகு இறங்கி வந்து பிள்ளையைத் தூக்கிப்போவாள். ஏற மூன்று நிமிடம், பூட்டைத் திறந்து பையை வைக்க ஒன்று, இறங்க மூன்று. ஆக ஏழு நிமிடம்.

அந்த ஏழு நிமிடத்துக்காகப் போல்ட்டக்கா மத்தியானத்திலிருந்தே தவம் கிடந்தாள். கிரீஸ் வாடை போக சோப்புப் போட்டு இரண்டு தரம் கை கழுவுவாள், மூக்கில் வைத்துப் பார்ப்பாள், மூன்றாம் தரமும் கழுவுவாள். தட்டும் சத்தம் கேட்டதும் உடனே திறந்தால் காத்திருந்தது தெரிந்துவிடும் என்று உள்ளே நின்று ஐந்து வரை எண்ணிவிட்டுத் திறப்பாள். அந்தம்மா படியேறத் திரும்பியதும் வண்டியின் பெல்ட்டைக் கழற்றிப் பிள்ளையை அள்ளிக்கொள்வாள். பதினாலு மாதப் பெண். அவள் காதைப் பிடித்துத் திருகும், சட்டைப் பித்தானைச் சப்பும், ஏதோ நியாயம் கேட்பதுபோல 'தத்தத்தா' என்று நீளமாகப் பேசும். "அப்படியா சொன்னாங்க? விட்டியா அவங்களை?" என்று இவளும் பேசுவாள். மாடியில் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் பிள்ளையை மறுபடி வண்டியில் உட்காரவைத்து பெல்ட்டைப் போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காதவள்போல ஓரமாக நிற்பாள்.

'கொஞ்ச நேரம் வச்சிருக்கேனே' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் என்ன, தலையையா சீவிவிடுவார்கள்? ஆனால் பிள்ளையில்லாதவள் பிள்ளையைக் கேட்டால் அடுத்தவர் முகம் ஒரு கணம் மாறும். அந்தக் கணத்தை அவள் நாத்தனார் வீட்டில் ஒருமுறை பார்த்திருக்கிறாள். அன்றோடு கேட்பதை விட்டுவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்காரர் வந்து நின்றார். "அக்கா, இந்த வண்டி மடங்குற டைப்புதான். எங்க அண்ணன் வீட்ல மடிச்சு தோள்ல மாட்டிட்டுப் போவாங்க. எங்ககிட்ட வந்ததிலேருந்து மடங்க மாட்டேங்குது. உங்க கண்ணுல பட்டா தெரியுமேன்னு..."

வண்டியைத் தலைகீழாகப் புரட்டியதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கொண்டிக்குள் போகிற இரும்புப் 'பின்' லேசாக வளைந்திருந்தது. அவ்வளவுதான். ஒரு தட்டு, ஒரு சொட்டு எண்ணெய், ஐந்து நிமிட வேலை. வண்டி மடங்கிவிடும். மடங்கினால் மாடிக்குப் போய்விடும். அப்புறம் எதற்குக் கதவைத் தட்டப் போகிறார்கள்?

"இது சரியாகாது தம்பி" என்றாள். "ஜாயிண்ட் கெட்டுப்போச்சு. பார்ட்டும் கிடைக்காது. வலிச்சு மடிச்சா உடைஞ்சிடும்."

"நீங்களே சொன்னா அப்புறம் என்ன! நடையிலேயே கிடக்கட்டும். உங்களுக்குத்தான் தொந்தரவு."

"எனக்கென்ன தொந்தரவு" என்று சொல்லும்போது அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. மனுஷி அன்று சாப்பிடவும் இல்லை. ஆனாலும் மறுநாள் நாலு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. அவள் ஐந்து வரை எண்ணினாள்.

அவளுக்கு ஒரு வாரம் காலை வேலை, மறு வாரம் பகல் வேலை. பகல் வேலை வாரத்தில் பத்து மணிக்குப் பூட்டிக்கொண்டு போனால் திரும்ப ஏழாகும். அந்த வாரங்களில் வண்டியும் உள்ளே பூட்டிக் கிடக்கும். இன்னொரு சாவி செய்து மாடியில் கொடுத்துவைக்கலாம் என்று தோன்றாமல் இல்லை. சாவி இருந்தால் அவர்களே எடுத்துவிட்டு அவர்களே வைத்துவிடுவார்கள். தோன்றியதை அப்படியே அமுக்கிவிட்டாள். இப்படியே நாலு மாதம் போயிற்று.

ஒரு பகல் வேலை வாரத்தில், வியாழக்கிழமை, ஒர்க்‌ஷாப்பில் கரண்ட் போய்விட்டது. மதியமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தெருமுனையில் திரும்பும்போது மேலே பார்த்தாள். மூன்றாம் மாடி ஜன்னல் கம்பிக்குள் தாயும் பிள்ளையும் நின்றிருந்தார்கள். தாய் இவளைக் கண்டதும் கையை ஆட்டினாள். அடுத்த நிமிடம் ஜன்னலில் ஆளைக் காணோம். போல்ட்டக்கா பூட்டைத் திறப்பதற்குள் பிள்ளையும் கையுமாக மூச்சு வாங்க நின்றாள். காலில் ஜோடி மாறிய செருப்பு.

"நல்ல வேளை, சீக்கிரம் வந்தீங்கக்கா! வண்டியைக் குடுங்க, குடுங்க. ரோட்டை மிதிச்சு நாலு நாளாச்சு."

"ஏன், என்னாச்சு?"

"என்னாகும்? உங்க பகல் டூட்டி வாரத்துல எங்களுக்கு ஜன்னல்தான் கதி" என்று சிரித்தாள். "பஸ்ஸை எண்ணுவோம். அப்பா பஸ் போச்சுன்னா டாட்டா காட்டுவோம். பிரசவத்துல ஆபரேஷன் ஆனதுலேருந்து இவளைத் தூக்கிட்டு தெருக்கோடி வரைகூட நடக்க முடியலக்கா, இடுப்பு விட்டுப்போகுது. சாயங்காலமானா சில நாள் எனக்கே அழுகை வந்துடும். நான் அழறதைப் பாத்து இவளும் அழுவா. நல்ல கூத்துதான் போங்க."

"சாவி கேட்டிருக்கலாமே?"

"நல்லா கேட்டீங்க! இடமும் குடுத்து, பாதுகாப்பும் குடுத்து வச்சிருக்கீங்க. வீட்டுச் சாவியையும் குடுன்னு எந்த வாயால கேக்குறது?"

போல்ட்டக்காவுக்கு செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. தன்னுடைய ஏழு நிமிடத்துக்காக ஒரு தாயையும் பிள்ளையையும் வாரக்கணக்கில் கூண்டில் அடைத்துவைத்திருக்கிறாள். ச்சே, இதுவும் ஒரு பிழைப்பா!

"ஒரு நிமிஷம் இரு" என்று உள்ளே போய் சுத்தியலும் எண்ணெய்க் குப்பியும் எடுத்துவந்தாள். வண்டியைக் கவிழ்த்தாள், பின்னைத் தட்டி நிமிர்த்தினாள், எண்ணெய் விட்டாள். கைப்பிடியை அழுத்தியதும் வண்டி குடைபோல மடங்கிக்கொண்டது.

"சரியாகாதுன்னு சொன்னீங்களாமே?"

"இன்னொரு தரம் பாக்கலாம்னு தோணுச்சு." இது இரண்டாவது பொய்.

"உங்க கைக்குத் தங்கக் காப்புதான் போடணும்!" என்று அந்தப் பெண் அவள் எண்ணெய்க் கையையே பிடித்துக்கொண்டாள்.

அதோடு சரி. காலை வேலை வாரம் வந்தது. முதல் நாள் கதவு தட்டப்படவில்லை. மறுநாளும் இல்லை. காலை வேலை வாரம் வந்தது. நாலு மணிக்கு இறங்கும் சத்தமும் ஐந்தரைக்கு ஏறும் சத்தமும் கதவைத் தாண்டிப் போயின. நடை வெறிச்சென்று கிடந்தது. அந்த இடத்தில் எதையாவது வைக்கலாம் என்று ஸ்டூலைக் கொண்டுவந்து வைத்தாள். பார்க்கச் சகிக்கவில்லை, எடுத்துவிட்டாள். பழக்க தோஷம், கையை மட்டும் தினமும் மூன்று தரம் கழுவினாள். செய்தது நல்ல காரியம் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். நல்ல காரியம் பண்ணிவிட்டு இப்படி நெஞ்சு காய்ந்து கிடப்பதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஐந்தாம் நாள் ஐந்தரைக்கு அவள் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். காலடிச் சத்தம் வந்தது. திடீரென்று கதவில் பொத்து பொத்தென்று சின்ன அடி. உள்ளங்கை அடி.

"ஏய், சும்மா இருடி. அத்தை காலையில வேலைக்குப் போயிட்டு வந்து அசந்து படுத்திருப்பாங்க. எழுப்பாத, வா."

கால்கள் நகர்ந்தன. முதல் படி, இரண்டாம் படி. போல்ட்டக்கா கதவைத் திறந்துவிட்டாள். இந்தமுறை எண்ணவில்லை.

"நான் படுக்கல" என்றாள். "பாப்பாவைக் கொஞ்சம் எங்கிட்ட குடுத்துட்டுப் போறியா? சும்மாதான். எனக்கு வச்சிருக்கணும்போல இருக்கு."

அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த மாற்றமும் தெரியவில்லை. "இதுக்கு இவ்வளவு தயங்கணுமாக்கா?" என்று அவள் இரண்டு படி இறங்கிவந்தாள். அதற்குள் பிள்ளை தாவிவிட்டது. இதோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆனால் பிள்ளை தோளில் கன்னத்தை வைத்ததும் அவளால் பொறுக்க முடியவில்லை.

"அந்த வண்டியை நான் அன்னிக்கே சரி பண்ணியிருக்கலாம்" என்றாள். "உன் வீட்டுக்காரர் கொண்டுவந்த அன்னிக்கே. ஒரு பின்னுதான். தெரிஞ்சேதான் ஆகாதுன்னு சொன்னேன். மடங்கிட்டா நீங்க என் கதவைத் தட்ட மாட்டீங்களே."

"நாலு மாசமாக்கா?"

"நாலு மாசம்."

அந்தப் பெண்ணின் கண் கலங்கி நின்றது; அது கோபமா, வேறு ஏதாவதா என்று இவளுக்குப் புரியவில்லை. பிள்ளையை வாங்கக் கை நீளும் என்று நினைத்து போல்ட்டக்கா பிடியைத் தளர்த்தினாள். கை நீளவில்லை. அவள் வண்டியைத் தோளில் சரி செய்துகொண்டாள், பையை எடுத்தாள், திரும்பிப் பார்க்காமல் படியேறிப் போனாள். மாடியில் கதவு திறந்தது, மூடியது.

பத்து நிமிடம் ஆயிற்று. கால் மணியும் ஆயிற்று. யாரும் இறங்கி வரவில்லை. பிள்ளை அவள் கழுத்தில் எச்சில் வழியத் தூங்கிப்போனது. கொதித்துக்கொண்டு வந்து பிடுங்கிப் போவாளோ, இல்லை வேண்டுமென்றேதான் விட்டுவைத்திருக்கிறாளோ, அவளுக்குத் தெரியவில்லை. உட்கார்ந்தால் பிள்ளை விழித்துவிடும் என்று நின்றபடியே இருந்தாள். மேலே அந்தக் கதவு இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்சமே கொஞ்ச நேரம் திறக்காமல் இருக்கவேண்டுமே என்றிருந்தது அவளுக்கு.